முகூர்த்த நாளும் நீர் மாத்திரையும்

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊர்க்காரர்களைப் பெயரை வைத்துத் தெரியாது, மாத்திரையை வைத்துத்தான் தெரியும். கருமத்தம்பட்டியில் முப்பத்தெட்டு வருஷமாக நான் அப்படித்தான் ஊரைத் தெரிந்துவைத்திருக்கிறேன். தெருவில் எதிரே வருபவர் கும்பிட்டால் "சர்க்கரை ரெண்டு வேளை, பிரஷர் ஒரு வேளை" என்பதுதான் முதலில் மனசுக்குள் ஓடும். பெயர் பின்னால் மெதுவாக வந்து சேரும்.

இவர்களில் எனக்கு நெருக்கமானவர்கள் நீர் மாத்திரைக்காரர்கள், ஏனென்றால் ஆறு வருஷமாக நானும் அவர்களில் ஒருத்தி. காலையில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பத்து மணிவரை வீட்டை விட்டு நகராமல் இருப்பவரா நீங்கள்? புது ஊருக்குப் போனால் கோயில் எங்கே என்று கேட்கும் முன் கழிப்பறை எங்கே என்று கேட்பவரா? அப்படியானால் உங்களுக்கு முன்னுரை வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: உடம்பில் தேவைக்கு மேல் தங்கிவிட்ட நீரைச் சிறுநீராக வெளியேற்ற டாக்டர்கள் எழுதும் மாத்திரை அது. உருவம் சிறியது. ஆளைப் படுத்துகிற பாடு பெரியது.

முப்பது மாத்திரை, நாற்பத்தொரு நாள்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர்களை முன்னால் உட்கார்ந்து நடத்திவைக்கிற குடும்பஸ்தருக்கு அருமைக்காரர் என்று பெயர். மாப்பிள்ளை கையில் தாலியை எடுத்துக் கொடுப்பதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. சென்னியப்பன் அப்படி ஓர் அருமைக்காரர். வயது எழுபத்து மூன்று. போன சித்திரையில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் தினம் காலையில் ஒரு நீர் மாத்திரை எழுதினார். வாங்க வருவது அவர் மனைவி கண்ணம்மாள்.

முப்பது மாத்திரை வாங்கிப் போனவர் நாற்பத்தொரு நாள் கழித்து வந்து நின்றார். "வீக்கம் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டேன். "ஒரல் மாதிரி இருக்குதுங்க்கா. ராத்திரியில நாற்காலியில உக்காந்தேதான் தூங்கறாரு. ஆவணியில மக வயித்துப் பேத்தி நிவேதா கல்யாணமுங்க. எங்க அப்புச்சிதான் தாலி எடுத்துக் குடுக்கணும்னு அவ ஒத்தக் கால்ல நிக்கறா. இந்த மூச்சை வெச்சுட்டு மணவறையில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பதினோரு நாள் மாத்திரை போடாமல் போனது எப்படி என்பது என்னைக் குடைந்தது. பின்னால் தொங்கிய நாள்காட்டியைத் திருப்பி, அட்டையில் அச்சடித்திருந்த சுபமுகூர்த்தப் பட்டியலில் சித்திரை, வைகாசி நாட்களை எண்ணினேன். நாற்பத்தொரு நாளில் பதினொன்று. கண்ணம்மாள் நான் எண்ணுவதைப் பார்த்துவிட்டு, இதை வெளியே சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சீர்ல உக்காந்துட்டு நடுவுல எந்திரிக்கக் கூடாதுன்னு அன்னைக்கு மாத்திரைய உட்டுடறாருங்க்கா. மாத்திரைய மட்டுமில்லீங்க, முந்தின நாளே தண்ணியக்கூட நிறுத்திப்போடறாரு."

வாய்க்காலும் மோட்டாரும்

மறுநாள் அவரையே வரச்சொன்னேன். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு, நெற்றியில் திருநீறு. கடைப்படி இரண்டுதான், ஏறிவிட்டு மூச்சு வாங்க நின்றார். "உள்ள தண்ணி போனாத்தானுங்க அம்மணி வெளிய போகணும்? நான்தான் குடிக்கறதே இல்லையே, அப்புறம் மாத்திரை எதுக்குங்க?" என்றார். கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை. கல்லூரியில் சிறுநீரகத்தைப் பற்றிப் படிக்கும் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாம் வீட்டைச் சுத்தம் செய்தால் வேண்டாததைத் தேடி வெளியே போடுவோம். சிறுநீரகம் அப்படிச் செய்வதில்லை. ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் நீரை, உப்பும் சர்க்கரையும் கலந்தபடியே, மெல்லிய குழாய்களுக்குள் வடித்துவிடுகிறது. பிறகு அந்தக் குழாய்களின் நெடுகிலும் வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. கடைசியில் வெளியே போவது ஒன்றரை, இரண்டு லிட்டர்.  இதைப் படித்துப் பல வருஷம் கழித்து, என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, அவருடைய அலமாரியை நான் அந்த முறையில்தான் ஒழித்தேன். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் வெளியே நின்றது ஒரு குடையும் ஒரு பெல்ட்டும்தான்.

அருமைக்காரரிடம் அலமாரியைப் பற்றிப் பேசவில்லை. குழாயைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் விவசாயி. சட்டென்று பிடித்துக்கொண்டார். "வாய்க்கால் ஓரமா திருட்டு மோட்டார் வெச்சுத் தண்ணிய இழுத்துக்கறாங்களே, அந்த மாதிரிங்களா?" "அதே மாதிரிதானுங்க. மாத்திரை தண்ணியப் புடிச்சு வெளிய தள்றதில்லீங்க. மோட்டாருக்கு வர்ற கரண்டை நிறுத்துது." "நிறுத்துனா கடைமடை வரைக்கும் தண்ணி வந்துருது!" "ஆமாங்க. ஆனா அந்த மோட்டார் இழுக்கறது தண்ணியில்லீங்க, உப்பு. உப்பு எந்தப் பக்கம் போகுதோ தண்ணி அந்தப் பக்கம் போயிரும். நீங்க தண்ணிய நிறுத்திப்போட்டுக் கல்யாண வீட்டுல மோரு, ஊறுகாய், அப்பளம்னு சாப்பிட்டா, அந்த உப்பு உடம்புல இருக்கற தண்ணியை உடாமப் புடிச்சு வெச்சுக்கும். அதுதான் உங்க கால்ல நிக்குது." அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே விரலால் அமுக்கினார். விழுந்த குழி எழும்பி வரவில்லை. நிமிர்ந்து சொன்னார்: "தெளிவாப் போச்சுங்க அம்மணி. உப்பு மாப்பிள்ளைங்க, தண்ணி சாதிசனம். மாப்பிள்ளை வந்து உக்காந்துட்டா, சாதிசனத்தை வரவேண்டாம்னு யாருங்க சொல்ல முடியும்?"

ஒன்பதாவது வளைவு

மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்குப் பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர் மாமியார் வீடு இங்கே என்பதால் என்னிடம் மாத்திரை வாங்குவார். அவருக்கும் நீர் மாத்திரைதான், ரத்த அழுத்தத்துக்கு. ஒரு நாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் வந்து, "இது போட்டு எத்தனை நிமிசத்துல வேலையக் காட்டுமுங்க? கரெக்டாச் சொல்லுங்க" என்றார். அவருக்கு எழுதியிருந்த வகை மெதுவாகத் தொடங்கி நாள் முழுக்க நிதானமாக வேலை செய்வது, அருமைக்காரருடையது போல முட்டிக்கொண்டு வருவதில்லை என்றேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றும் சொன்னேன்.

அவர் என் பதிலைப் பொருட்படுத்தவில்லை. ஒரு மாதமாகத் தானே குறித்துவைத்திருந்தார். எந்த மணிக்குப் போட்டால் எந்த வளைவில் தொந்தரவு ஆரம்பிக்கிறது என்று பழைய டிக்கெட் கட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதியிருந்தார். என்னோடு படித்தவர்கள்கூட இவ்வளவு பொறுமையாகச் சோதனைக் குறிப்பு எழுதியதில்லை. படித்துக்காட்டிவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்: "ஒம்பதாவது வளைவுல ஒரு டீக்கடை இருக்குதுங்க, டாக்டரைக் கேட்டுட்டேன், அதுக்குத் தகுந்தாப்புல நேரத்த மாத்திக்கறேனுங்க."

விட்டுப்போன முறைத்தண்ணி

டிரைவர் போன பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாத்திரையை விடுவதற்குப் பதில் நேரத்தை மாற்றினால் என்ன? அருமைக்காரரின் டாக்டருக்குப் போன் செய்தேன். "சாதாரண நாளா இருந்தாப் பரவால்லைங்க, முன்னப்பின்ன மாத்தலாம். இவருக்கு இப்ப இருக்கற வீக்கத்துக்கு ஒண்ணு பத்தாது, இனிமே காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ரெண்டுமே உடக் கூடாது. வேணும்னா காலை மாத்திரைய அஞ்சரைக்கே போடச் சொல்லுங்க" என்றார். எங்கள் ஊர் முகூர்த்தம் ஆறரைக்கோ ஏழுக்கோ இருக்கும். அந்த மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, ஆறு மணி நேரம் விடாது. ஐந்தரைக்குப் போட்டால் தாலி நேரத்தில்தான் உச்சம். அருமைக்காரரிடம் சொன்னேன். "உப்புப் பத்தியெல்லாம் புரிஞ்சுதுங்க. புரியறது வேற, மணவறையிலிருந்து எந்திரிக்கறது வேறங்க" என்றார்.

ஆனி கடைசியில் தொடர்ந்து மூன்று நாள் முகூர்த்தம். நான்காம் நாள் காலையில் கண்ணம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தார். அருமைக்காரர் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் தலைசுற்றி விழுந்துவிட்டார். கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு நெளிகிறார். போய்ப் பார்த்தால் கட்டிலில் கிடந்தார். உதடு வெடித்துக் கிடந்தது. நாடியைப் பிடித்தால் துடிப்பு தாறுமாறாக இருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மூன்று நாள் போடாத மாத்திரைகளைச் சேர்த்து ஒரே வாயில் போட்டிருந்தார். வேண்டாத நீரோடு வேண்டிய உப்புகளும் சேர்ந்து போய்விட்டன. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போதும் அவருக்குத் தான் செய்ததில் பிசகு இருப்பதாகத் தோன்றவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வாய்க்கால்ல விட்டுப்போன மொறத்தண்ணிய அடுத்த மொறையில சேத்து உடறதில்லீங்களா, அந்தக் கணக்குத்தானுங்க அம்மணி."

இளநீர்

இரண்டு நாள் படுக்கைக்குப் பிறகு அவரை அனுப்பினார்கள். கையில் புதுச் சீட்டு. பழைய மாத்திரையின் அளவு மாறியிருந்தது. கூட இன்னொரு நீர் மாத்திரை சேர்ந்திருந்தது. நீர் மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. குழாயின் நெடுகிலும் மோட்டார்கள் வேறு வேறு. ஒவ்வொரு மாத்திரையும் ஓர் இடத்து மோட்டாரைத்தான் நிறுத்தும். பழையது நடுவில் இருக்கிற பெரிய மோட்டாரை நிறுத்துவது. அப்போது பொட்டாசியம் என்கிற உப்பும் கூடப் போய்விடும். அவர் கால் முறுக்கிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். புதியது கடைசிப் பகுதியில் வேலை செய்வது. மெதுவானது, ஆனால் பொட்டாசியத்தை வெளியே விடாமல் நிறுத்திக்கொள்ளும். ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். இவ்வளவு நுணுக்கமாக ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற இரண்டு பேரை நான் எந்தக் குடும்பத்திலும் பார்த்ததில்லை.

பத்து நாள் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மேலே ஏறியிருந்தது. அது எகிறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "என்ன சாப்பிடறாருன்னு விசாரிங்க" என்றார். கண்ணம்மாளிடம் உப்பு, ஊறுகாய், அப்பளம் என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாம் நிறுத்தியாயிற்று என்றார். "விழுந்து எந்திரிச்ச ஒடம்பாச்சேன்னு தெம்புக்கு இளநிதானுங்க குடுக்கறேன். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. நம்ம தோப்புதான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். இளநீர் முழுக்கப் பொட்டாசியம். அந்தப் புது மாத்திரை போடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. நான் சொன்னதைக் கேட்டதும் கண்ணம்மாளுக்கு முதலில் பயம் வந்தது, அப்புறம் கோபம் வந்தது: "நல்லா இருக்குதுங்க்கா நாயம், இனிமே மரத்துல காய்க்கறதுக்கும் டாக்டர் சீட்டு வாங்கோணுங்களா?"

ஆடி

ஆடியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் அருமைக்காரர் ஒரு மாத்திரையைக்கூட விடவில்லை. விடக் காரணம் இல்லை. இளநீரும் நின்றது. மூன்றாம் வாரம் கடைக்கு வந்தபோது படியேறிவிட்டு நிற்காமல் பேசினார். காலை அமுக்கிப் பார்த்தேன், விரல் எடுத்ததும் குழி மறைந்தது. கீழே வேட்டிக் கரைக்கும் செருப்புக்கும் நடுவே பழையபடி எலும்பு தெரிந்தது. ராத்திரி கட்டிலில், ஒற்றைத் தலையணையில் தூங்குகிறார் என்று கண்ணம்மாள் சொன்னார். பஞ்சாங்கம் ஒரு மனிதனின் இதயத்தை இப்படிக் கையில் வைத்திருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆவணியில் முகூர்த்தம் என்று மறுபடி ஒரு நாள் விட்டாலும் மணவறையில் உட்கார அனுமதி இல்லை. அடுத்த முறை மூச்சு முட்டினால் காப்பாற்றுவது கஷ்டம். பெரியவர்களுக்கான டயப்பர் இருக்கிறதே என்று நானே தயங்கித் தயங்கிச் சொன்னேன். அருமைக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. "அதக் கட்டிக்கிட்டு நான் பேத்திக்குத் தாலி எடுத்துக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். கண்ணம்மாள் பின்னாலேயே போகாமல் நின்று, நாள்காட்டியில் மிச்சமிருந்த ஆடித் தாள்களைத் தொட்டுப் பார்த்தார்: "வருசம் பூரா ஆடியாவே இருந்துட்டாத் தேவலைங்க்கா."

சரவணம்பட்டியிலிருந்து

ஆடி கடைசி வெள்ளியன்று ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். கழுத்தில் சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை. "ஏனுங்கம்மா, வாட்டர் டேப்லெட் ஒரு அட்டை குடுங்க" என்றாள். சீட்டு எங்கே என்றேன். இல்லை. "எதுக்குங்க கண்ணு?" "பத்து நாள்ல கல்யாணமுங்க. போட்டோவுல மூஞ்சி உப்புன மாதிரி விழுகுது. அத ரெண்டு நாள் போட்டா மூஞ்சி வடிஞ்சு சின்னதாயிரும்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

நான் தரவில்லை. "எடை மிஷின்ல முள்ளு எறங்கும் கண்ணு, ஆனா கொழுப்பு ஒரு குண்டுமணிகூடக் கொறையாது. எறங்குனது பூரா தண்ணி. மறுநாள் தண்ணி குடிச்சா முள்ளு ஏறிக்கும். நடுவுல மணவறையில மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா அந்தப் போட்டோதான் எல்லாரு போன்லயும் இருக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். "எங்க அப்புச்சிக்கு எழுதிக் குடுத்தத அவரு போட மாட்டீங்கறாரு, எனக்கு வேணும்னா நீங்க குடுக்க மாட்டீங்கறீங்க." அப்போதுதான் இவள் நிவேதா என்று தெரிந்தது. உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

அப்புச்சி மாத்திரையை விடுவதும் விழுந்ததும் அவளுக்குத் தெரியும்; எதனால் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஒன்றுக்குப் போகிற விஷயத்தைப் பேத்தியிடம் எப்படிச் சொல்வது? நான் சொன்னேன். மோட்டார், உப்பு, மாப்பிள்ளை, சாதிசனம், டாக்டரின் எச்சரிக்கை எல்லாம். பாதியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் கேட்டதுக்காகத்தான் இவ்வளவு பாடுங்களா? நான் வேண்டாம்னு சொல்லிட்டா?" என்றாள். வேண்டாம் என்றால் அவர் இதயம் வேறு விதத்தில் நின்றுவிடும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முகம் தெளிந்தது: "இப்பல்லாம் எந்தக் கல்யாணத்துலீங்கம்மா சீரு நிக்காம நடக்குது, போட்டோக்காரன் கையத் தூக்குனா தாலியே அந்தரத்துல நிக்குதுங்களே!"

லென்ஸ்

அவள் திட்டம் இதுதான். அப்புச்சி ஐந்தரைக்கு மாத்திரை போட்டுக்கொள்வார். ஆறே முக்காலிலிருந்து சீர். எட்டுக்குள் தாலி. கால் மணிக்கு ஒரு தடவை போட்டோக்காரர் "லென்ஸ் மாத்தணுங்க, அஞ்சு நிமிசம்" என்று சத்தம் போடுவார். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் அப்புச்சி மணவறைக்குப் பின்வழியாகப் போய் வந்துவிடலாம். அருமைக்காரர் முதலில் முறைத்தார்; பேத்தி கையைப் பிடித்துக்கொண்டதும் சரி என்றார். கல்யாணத்தன்று காலை ஐந்தரைக்குக் கண்ணம்மாள் எனக்குப் போன் செய்து, மாத்திரை உள்ளே போய்விட்டது என்று சொன்னார்.

நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நானும் என் மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். மண்டபத்தில் பாதிப் பேர் என் கடைக்கு வருகிறவர்கள். முதல் லென்ஸ் மாறியது. அருமைக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகப் போய், கைகால் கழுவி வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கவில்லை. இரண்டாவதும் மாறியது. "இந்தக் காலத்து லென்சு நிமிசத்துக்கு ஒண்ணு மாத்தோணுமாட்ட இருக்குது" என்று பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். மூன்றாவதுக்கு நேரம் வந்தது. போட்டோக்காரரைக் காணோம். யாரோ ஒரு பெரியப்பா அவரைப் பந்திக்குக் கூட்டிப் போய், சாப்பிடுகிறவர்களைப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார். நிவேதா கண்ணாலேயே மண்டபம் முழுக்கத் தேடினாள். அருமைக்காரர் தாம்பாளத்தில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கிய கை நின்றது. நெற்றியில் வேர்வை. ஒரு முழங்காலை இன்னொன்றின் மேல் அழுத்திக்கொண்டார். அந்த அழுத்தம் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கண்ணம்மாள் தூணோரம் நின்று சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார். இன்று இந்தப் பாட்டை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், நாளையிலிருந்து முகூர்த்த நாளில் மறுபடி மாத்திரையை விட்டுவிடுவார், அது நிச்சயம்.

அவர் வெற்றிலையைக் கீழே வைத்தார். எழுந்தார். மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார், மேளம் நின்றது. "ஏனுங்க பெரியவங்களே" என்றார். அவர் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குப் போகும். "டாக்டர் நீர் மாத்திரை குடுத்திருக்காருங்க. போட்டிருக்கேன். ஒண்ணுக்குப் போயிட்டு வந்துர்றேனுங்க. நல்ல நேரம் இன்னும் இருவது நிமிசம் இருக்குது. யாரும் எந்திரிக்க வேண்டாமுங்க."  மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் பெண்ணைப் பார்த்தார். நிவேதா தலையைக் குனியாமல், பல் தெரியச் சிரித்தாள். முகம் நிறைய, வட்டமாக, அழகாக இருந்தது.

அவர் படி இறங்குவதற்குள் முதல் வரிசையில் ஒருவர் எழுந்தார். காலை ஒன்று, மாலை பாதி. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி இன்னொருவர். காலை ஒன்று, இளநீர் கூடாது. தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். நாலாவது வரிசையில் நான். ஒவ்வொருவரையும் எழ எழ மாத்திரையால் அடையாளம் கண்டுகொண்டு போனேன். இவ்வளவு பேரும் இத்தனை வருஷமாக ஒவ்வொரு கல்யாணத்திலும் முழங்காலை அழுத்திக்கொண்டு, அல்லது மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டு, மௌனமாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பந்திக் கூடத்தை ஒட்டிய நடையில் வரிசை கட்டி நின்றோம். பதினான்கு பேர். அருமைக்காரரை முதலில் விட்டோம். அவர் கைகால் கழுவிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும்போது வரிசையின் நீளத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "யாரும் எந்திரிக்க வேண்டாம்னுதானுங்களே சொன்னேன்?" என்றார். எனக்கு முன்னால் கைத்தடியோடு நின்ற பெரியவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "அருமைக்காரரே எந்திரிச்சதுக்கப்புறம் நாங்க உக்காந்துட்டிருந்தா அது மரியாதை இல்லைங்களே."

நல்ல நேரம் தப்பாமல் அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுத்தார், நிவேதா கழுத்தில் அது ஏறியதை நாங்கள் பதினான்கு பேரும் பார்க்கவில்லை, கெட்டிமேளம் கேட்டதும் வரிசை கலையாமல் மணவறை இருந்த திசையைப் பார்த்து, கையோடு கொண்டுவந்திருந்த அட்சதையைப் போட்டோம்.